வெளியே வெயில், வீட்டுக்குள் மார்கழி: நெர்ஹாவில் ஐந்து குளிர்காலங்கள்

ஐந்தாவது குளிர்காலத்தை நெர்ஹாவில் கழித்துவிட்டு இங்கிலாந்தின் லெஸ்டருக்குத் திரும்பியிருக்கிறோம். ஸ்பெயினின் தென்கோடியில், மலாகாவுக்குக் கிழக்கே, மலை கடலை நெருக்கிக்கொண்டு நிற்கும் சின்ன ஊர் அது. ரயில் கிடையாது, மலாகாவிலிருந்து பஸ்ஸில்தான் போக வேண்டும். போக நினைக்கும் நண்பர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, "டிசம்பரில் வெயில் அடிக்குமா?" என்பதுதான். நன்றாகவே அடிக்கும். பகலில் பதினாறு, பதினேழு டிகிரி இருக்கும். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் காப்பி குடிக்கலாம். ஆனால், வீட்டுக்குள் எத்தனை டிகிரி என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்காமல்தான் போனோம்.

2021 டிசம்பரில் எடுத்த முதல் வீடு பழைய ஊருக்குள், கீழ்த்தளம். குறுகிய சந்து, வெள்ளைச் சுவர், ஜன்னலில் பூந்தொட்டி. படத்தைப் பார்த்ததுமே மயங்கிவிட்டோம். அந்தச் சந்து குறுகலாக இருப்பதே வெயில் உள்ளே வரக் கூடாது என்பதற்காகத்தான். ஆகஸ்டு வெக்கையைத் தாங்கவென்று தடித்த சுவரும் கல் பதித்த தரையுமாகக் கட்டிய வீடு ஜனவரியில் குளிர்பதனப் பெட்டியாகிவிடுகிறது. லெஸ்டரில் வெளியே பனி பெய்தாலும் வீட்டுக்குள் சட்டையோடு இருப்பேன். இங்கோ வெளியே சட்டை, வீட்டுக்குள் குல்லாவும் இரண்டு ஜோடி காலுறையும். பிப்ரவரிக்குள் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடித்து, என் ஒரே கோட்டும் நாறிப்போனது.

சூடாக்குவதற்குப் பெரும்பாலான வீடுகளில் இருப்பது பொம்போனா எனப்படும் ஆரஞ்சு நிறச் சிலிண்டர். உள்ளே 12.5 கிலோ பியூட்டேன். உருளையின் எடையும் சேர்ந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரசு விலையை மாற்றி அறிவிக்கிறது. அதைப் பொருத்திய கணப்பு நன்றாகத்தான் சுடும். ஆனால் எரியும்போது நீராவியையும் கக்கும் என்பதால் பூஞ்சைக்கு அது விருந்து. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்காமல் ஏற்றவும் கூடாது. குளிருக்காக ஏற்றிவிட்டுக் குளிர்காற்றை உள்ளே விடும் கூத்து அது.

எங்களைக் காப்பாற்றியவர் பக்கத்து வீட்டு அம்மாள். எண்பதைத் தாண்டியவர். ஒருநாள் என் மனைவியின் கையைத் தொட்டுப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் தன் வீட்டுக்குள் இழுத்துப் போனார். அங்கே ஒரு வட்ட மேசை; தரைவரை தொங்கும் கனத்த துணி; மேசைக்கு அடியில் மின்கணப்பு. துணியைத் தூக்கிக் காலை உள்ளே விட்டு, மடிமேல் இழுத்துவிட்டுக்கொண்டால் இடுப்புக்குக் கீழே சித்திரை. முன்பெல்லாம் அடியில் கரித்தணல் வைப்பார்களாம். அன்று மாலையே நாங்களும் ஒன்று வாங்கினோம். சாப்பாடு, சீட்டாட்டம், பிள்ளைகளோடு தொலைபேசிப் பேச்சு எல்லாம் அந்த மேசையில்தான்.

இரண்டாம் ஆண்டு முதல் வீடு பார்க்கும்போது நான் தரகரிடம் கேட்பது ஒன்றுதான்: கூடத்தில் வெயில் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும்? இப்போது எடுப்பது தெற்குப் பார்த்த மூன்றாவது மாடி. ஊருக்குக் கடல் தெற்கே இருப்பதால் கடலும் தெரிகிறது. அதை வட்டியாக வைத்துக்கொண்டோம்.

இன்னொரு பாடம் நாள்கணக்கு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு 2021 முதல் ஷெங்கன் நாடுகளில், அதாவது ஸ்பெயின் உள்ளிட்ட, தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளில், 180 நாட்களுக்குள் 90 நாள்தான் தங்கலாம். மூன்று மாதம் என்பது வேறு, 90 நாள் என்பது வேறு. வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசிவரை என்றால் சரியாக 90. அந்தத் தைரியத்தில் 2024-இல் பிப்ரவரி 29-க்கு டிக்கெட் போட்டுவிட்டேன். லீப் ஆண்டு என்று மனைவிதான் நினைவூட்டினாள். ஒரு நாள் முன்னால் மாற்றக் கொடுத்த பணத்தில் இன்னொரு மேசையே வாங்கியிருக்கலாம். 2025 அக்டோபர் முதல் எல்லையில் விரல்ரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியே நாட்களை எண்ணத் தொடங்கியிருக்கிறது. அதனிடம் லீப் ஆண்டுக் கதை எடுபடாது.

ஊரைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. கடலை நோக்கி நீண்டிருக்கும் பாறை முனைக்கு 'ஐரோப்பாவின் பால்கனி' என்று பெயர். அங்கே ஸ்பெயினின் பன்னிரண்டாம் அல்ஃபோன்சோ மன்னர் கம்பியில் சாய்ந்தபடி வெண்கலத்தில் நிற்கிறார். 1884 கிறிஸ்துமஸ் அன்று வந்த நிலநடுக்கம் இந்தப் பகுதியைக் குலைத்துப் போட்டபோது, அடுத்த மாதம் பார்க்க வந்தவர். அவரும் குளிர்காலத்து விருந்தாளிதான் என்பதால் தினமும் அவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் நிற்பேன். கடலில் இறங்குவது என் வேலை அல்ல. தண்ணீர் பதினைந்து டிகிரி. ஜனவரியில் பாதி உணவகங்கள் கதவைச் சாத்திவிடுகின்றன. மதியம் இரண்டிலிருந்து ஐந்துவரை ஊரே தூங்குகிறது. பேச்சுத்துணை இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்கு இந்த ஊர் சரிப்படாது.

சாப்பாட்டில் குறையில்லை. நெத்திலியை மாவில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். மலாகாக்காரர்களுக்குப் பட்டப்பெயரே நெத்திலிதான். மூங்கில் போன்ற நாணல் குச்சியில் கோத்துச் சுடும் மத்தி கோடைக்கு உரியது, குளிர்காலத்தில் அதைக் கேட்டு ஏமாற வேண்டாம். சீத்தாப்பழத்தின் உறவான சிரிமோயா சந்தையில் குவிந்து கிடக்கும். மலைமேல் இருக்கும் ஃப்ரிஹிலியானாவில் இன்னும் கரும்புப் பாகு காய்ச்சுகிறார்கள். முதல் சொட்டிலேயே என் மனைவி பணியாரச் சட்டி கொண்டுவராததற்கு என்னைத் திட்டினாள்.

இட்லிமாவு மட்டும் இரண்டு வருடம் புளிக்கவே இல்லை. மூன்றாவது வருடம்தான் மேசைக்கடியில் வைக்கும் யோசனை வந்தது. கணப்பை மிகக் குறைவாக வைத்து, பாத்திரத்தை ஓரமாகத் தள்ளினால் மறுநாள் பொங்கி நிற்கும். இந்த ஜனவரியில் பழைய அண்டைவீட்டு அம்மாள் எங்களைப் பார்க்க வந்தார். வழக்கம்போலத் துணியைத் தூக்கிக் காலை உள்ளே விட்டார். பாத்திரம் கவிழவில்லை. ஒரு காலுறைதான் போனது.