முன்னாலா, பின்னாலா? எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் குழந்தையை எங்கே உட்காரவைப்பது

என் மகளுக்கு மூன்று வயது ஆகும் சமயத்தில் எங்கள் பழைய பெட்ரோல் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினோம். கோவை கணபதியில் வீடு, சரவணம்பட்டிப் பக்கம் பிளே ஸ்கூல். சத்தி ரோட்டில் காலையும் மாலையும் அவளை வைத்துக்கொண்டு போய்வர வேண்டும். முதல் ஏழு மாதம் ஃபுட்போர்டில் குட்டி சீட் மாட்டி, அவளை முன்னால் வைத்து ஓட்டினேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடமாகப் பின்னால் உட்காரவைத்து, என்னோடு சேர்த்து பெல்ட் போட்டு ஓட்டுகிறேன். இரண்டையும் செய்து பார்த்த பிறகு என் முடிவு இதுதான்: எலெக்ட்ரிக் வண்டி என்றால் குழந்தை பின்னால்தான் உட்கார வேண்டும், அதுவும் பெல்ட்டோடு.

முன்னால் வைத்துக்கொள்வதில் இருக்கும் நிம்மதி எனக்கும் தெரியும். "முன்னாடி நிறுத்திக்கிட்டா பாப்பா கண்ணுலயே இருக்கும்ல, கண்ணு" என்று மாமனார் சொன்னார். அவர் பிள்ளைகள் இருவரையும் அப்படித்தான் வளர்த்தார். குழந்தை நம் இரண்டு கைகளுக்கு நடுவில் இருக்கிறது, தூங்கினால் தெரிகிறது, செருப்பு விழுந்தால் தெரிகிறது. அவளுக்கும் அதுதான் பிடித்திருந்தது. ரோட்டில் போகிற ஒவ்வொரு மாட்டையும் எண்ணிக்கொண்டே வருவாள். சீட்டின் விலையும் தொள்ளாயிரம் ரூபாய்தான், மாட்டப் பத்து நிமிடம்.

எதிர்க்காற்று, தூசி, கண்ணில் விழும் பூச்சி, யூ-டர்ன் அடிக்கும்போது ஹேண்டில்பார் அவள் முட்டியில் இடிப்பது, இதெல்லாம் முன்னால் வைத்து ஓட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் முடிவை மாற்றிக்கொண்டதற்குக் காரணம் இவை எதுவும் இல்லை. ஆக்சிலேட்டர்தான்.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அணைக்கவில்லை. கேட்டின் தாழ்ப்பாளை எட்டித் திறக்கலாம் என்று இடது கையை நீட்டினேன், வலது கையையும் ஹேண்டிலிலிருந்து எடுத்துவிட்டேன். சீட்டிலிருந்து எழுந்து நின்ற மகள், தடுமாறாமல் இருக்க எதையாவது பிடிக்க வேண்டுமே என்று வலது பக்கப் பிடியைப் பற்றினாள். மூன்று வயதுப் பிள்ளை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு தானாகத் திரும்பும். வண்டி ஒரு பாய்ச்சலில் கேட்டில் போய் மோதியது. அவள் மேலுதடு டிஸ்ப்ளேயின் விளிம்பில் பட்டுக் கிழிந்தது. இரண்டு பல் ஆடியது, பிறகு நின்றுவிட்டது. வேகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை, வண்டி நகர்ந்ததே இரண்டடிதான். ஆனால் வாசலுக்குப் பதிலாக அது சிக்னலாக இருந்து, முன்னால் ஒரு லாரி நின்றிருந்தால் என்ற நினைப்பு பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

பெட்ரோல் ஸ்கூட்டரில் இதே கை இதே பிடியைத் திருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் இன்ஜின் உறுமும். அந்த வண்டியில் இருப்பது சென்ட்ரிஃபியூகல் கிளட்ச். இன்ஜின் சுழற்சி ஓரளவு ஏறின பிறகுதான் அது பிடித்துச் சக்கரத்தைச் சுற்ற வைக்கும். சத்தம் ஒன்று, அதன் பிறகுதான் நகர்வு. அந்த இடைவெளியில் நம் கை பிரேக்குக்குப் போய்விடும். போதாததற்கு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அதன் அதிர்வே நமக்கு ஓயாமல் ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கும். எலெக்ட்ரிக் மோட்டாரில் இந்த முன்னறிவிப்பு எதுவுமே கிடையாது. நின்ற நிலையிலேயே முழு இழுவிசையையும் தருவதுதான் அதன் குணம். சிக்னலில் பச்சை விழுந்ததும் சட்டென்று கிளம்புகிறதே என்று நாம் மெச்சுவதும் இதைத்தான். நிற்கும்போது சத்தமோ அதிர்வோ இல்லாததால் வண்டி உயிரோடு இருக்கிறதா அணைந்திருக்கிறதா என்பது டிஸ்ப்ளேயைப் பார்த்தால்தான் தெரியும். முன்னால் உட்காரும் பிள்ளையின் கைக்கு மிகச் சரியான உயரத்தில், மிகச் சரியான தூரத்தில் அந்தப் பிடி இருக்கிறது. சீட் மாட்டினாலும் இருக்கிறது, பெல்ட் வைத்த முன் சீட்டாக இருந்தாலும் இருக்கிறது. "தொடாதே" என்று மூன்று வயதுக் குழந்தையிடம் சொல்லிவைத்து அதை நம்பி ஓட்ட முடியாது.

பிரேக்கைப் பிடித்திருந்தால் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நிற்கும் ஏற்பாடு என் வண்டியில் இருக்கிறது. இப்போது நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் பிரேக்கைப் பிடித்தபடிதான் இருக்கிறேன். அன்று அந்தப் பழக்கம் இல்லை. முன்னால்தான் வைத்து ஓட்டுவேன் என்பவர்களுக்கும் இதை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: குழந்தை ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டி முழுதாக அணைந்திருக்க வேண்டும். சைடு ஸ்டாண்டு போட்டால் மோட்டார் தானாக அணையும் வண்டி என்றால், கேட்டைத் திறக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கும் ஸ்டாண்டைப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் பெல்ட் கதைக்கு வருகிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட விதியில், இரு சக்கர வாகனத்தில் பின்னால் உட்காரும் 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்பு பெல்ட் வேண்டும், 9 மாதம் ஆனதிலிருந்து தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டும் வேண்டும், வண்டி 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. ஓராண்டு அவகாசம் கொடுத்து 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் ரோட்டில் யாரும் இதற்காக வண்டியை நிறுத்திக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் பெல்ட் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருப்பது கடையில் நின்று தேர்ந்தெடுக்க எனக்கு மிகவும் உதவியது. குழந்தைக்கு ஒரு கையில்லாச் சட்டை மாதிரி மாட்டிவிட வேண்டும். அதிலிருந்து வரும் இரண்டு பட்டைகளை ஓட்டுபவர் ஸ்கூல் பை மாட்டுவது போலத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். 30 கிலோ வரை தாங்க வேண்டும், தண்ணீர் பட்டால் கெடக் கூடாது, இழுத்துக் கூட்டிக் குறைக்க வசதி வேண்டும்.

நான் முதலில் வாங்கியது தப்பான பெல்ட். குழந்தையின் இடுப்பையும் என் இடுப்பையும் சுற்றி ஒரே ஒரு பட்டை, அவ்வளவுதான். தூங்கினால் மேலுடம்பு அப்படியே பக்கவாட்டில் சரிந்தது. இரண்டாவதாக வாங்கியதில் தோள் பட்டை, நெஞ்சுப் பட்டை இரண்டும் உண்டு. ஆயிரத்து நூறு ரூபாய் ஆயிற்று. வாங்கும்போது பக்கிளைப் பூட்டிவிட்டு இரண்டு பக்கமும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். தையல், பட்டை மடிந்து சேரும் இடத்தில் ஒற்றை வரியாக ஓடியிருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

பின்னால் வைத்தால் குழந்தை கண்ணுக்குத் தெரியாதே என்ற பயம் எனக்கும் முதல் வாரம் முழுக்க இருந்தது. இங்கே எலெக்ட்ரிக் வண்டி நம் பக்கம் நிற்கிறது. இன்ஜின் சத்தம் இல்லாததால் அவள் முணுமுணுத்தாலும் எனக்குக் கேட்கிறது. சத்தி ரோட்டின் பஸ் இரைச்சலைத் தாண்டி நர்சரிப் பாட்டு என் முதுகில் கேட்கும். பாட்டு நின்றால் கூப்பிடுவேன். பதில் வராவிட்டால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம், ஓரம்கட்டிவிடுவேன். அதற்கு முன்பே ஹெல்மெட் என் தோள்பட்டைக்குக் கீழே டொக்கென்று முட்டும். பெட்ரோல் வண்டியில் இந்த அளவுக்குத் தெரிந்திருக்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாட்டிக் கழற்ற நேரம் ஆகும். பழகின பிறகும் எனக்கு முக்கால் நிமிடம் பிடிக்கிறது, அவசரக் காலைகளில் அது நீளமான முக்கால் நிமிடம். சித்திரை வெயிலில் எனக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கும் ஸ்பாஞ்ச் வியர்வையில் ஊறிவிடும், வாரம் ஒருமுறை கையால் அலச வேண்டியிருக்கும். ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியைப் பிடித்து வேகத்தைக் குறைப்பதால், திடீரென்று விட்டால் அவள் என் முதுகில் மோதுகிறாள். மெதுவாக விடக் கற்றுக்கொண்டேன். அவளோடு போகும்போது எப்போதும் எக்கோ மோடுதான். அதில் கிளம்பும் இழுப்பே சாந்தமாக இருக்கிறது, 40-க்குள் ஓட்டுவதும் சுலபம்.

கால்தான் இன்னொரு விஷயம். சின்னப் பிள்ளைகளுக்குப் பின் ஃபுட்ரெஸ்ட் எட்டாது, கால் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். பின் சக்கரத்தை மறைக்கும் சாரி கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் குழந்தையை ஏற்றும் முன் அதைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். செருப்பு வேண்டாம், பக்கிள் போட்ட ஷூதான். துப்பட்டா, சேலை முந்தானை, குழந்தையின் நீளப் பாவாடை எல்லாவற்றையும் இழுத்துச் செருகிய பிறகுதான் கிளம்ப வேண்டும்.

ஹெல்மெட்டுக்கு இஞ்சு டேப் எடுத்துப் போங்கள். புருவத்துக்குச் சற்று மேலே சுற்றி அளந்தால் என் மகளுக்கு அப்போது 49 செ.மீ. "வளர்ற பிள்ளைதானே" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் பிரேக் போட்டதும் ஹெல்மெட் கண்ணை மறைத்துவிடும், கழுத்துக்கும் கனம்.

"வண்டி சாய்ந்து விழுந்தால், கட்டிவைத்த குழந்தையும் சேர்ந்துதானே விழும்?" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. பெல்ட் போட்ட பிறகு நாங்கள் விழுந்ததில்லை, அதனால் அனுபவத்தில் இருந்து பதில் சொல்ல முடியாது. முன்னால் இருக்கும் குழந்தை ஹேண்டிலுக்கும் நம் உடம்பின் கனத்துக்கும் நடுவில் மாட்டும் என்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன். மழையிலும் எனக்கு அனுபவம் குறைவு. ஐப்பசி அடைமழைக்கு ஆட்டோதான், நனைந்த ரோட்டில் அவளை ஏற்றியது நாலைந்து முறை இருக்கலாம்.

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் சொன்னது பாதிதான் உதவும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, ஓட்டுபவரைத் தவிர ஒருவருக்குத்தான் இடம் தருகிறது. பக்கத்து வீட்டு அக்கா பெரியவனைப் பின்னாலும் சின்னவளை முன்னாலும் வைத்துப் போகிறார். "ரெண்டு தடவை போய்ட்டு வாங்க்கா" என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, காலையில் அவர் படும் பாடு தெரியும். சின்னவளை ஏற்றும்போது வண்டியை அணைக்க மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. விதிப்படி பெல்ட் கட்டாயமில்லாத வயதுதான். ஆனாலும் கால் ஃபுட்ரெஸ்ட்டில் முழுதாகப் பதியும் வரை கழற்றுவதாக இல்லை. இன்னும் நான்கு விரல்கடை பாக்கி இருக்கிறது. அந்த முன் சீட்டை இரண்டு பேர் கேட்டார்கள். கொடுக்க மனம் வரவில்லை, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன்.