450 லோக்கல், 550 ப்ரான்ஸ், 750 கோல்டு: உங்கள் மெஷினுக்கு எந்த எஸ்எம்பிஎஸ்?

கணக்குக்கு ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். ரைசன் 5 7600 ப்ராசசர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, ஒரு எஸ்எஸ்டி, நாலைந்து ஃபேன். வீட்டிலேயே அசெம்பிள் செய்கிறவர்கள் நிறையப் பேர் போடுகிற கூட்டணிதான். இதற்கு மூன்று விதமான எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டி) கண்ணில் படும். ஒன்று, கேபினெட்டோடு சேர்த்தே தருகிற "450 வாட்" லோக்கல் பெட்டி. இரண்டாவது, கோர்செயர் சிஎக்ஸ்550, கூலர் மாஸ்டர் எம்டபிள்யூஇ 550 ப்ரான்ஸ் வி2, டீப்கூல் பிகே550டி போன்ற 550 வாட் ப்ரான்ஸ் ரகம் (ப்ரான்ஸ், கோல்டு என்பவை மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான தரச் சான்றுகள்). மூன்றாவது, கோர்செயர் ஆர்எம்750இ மாதிரியான 750 வாட் கோல்டு, கேபிளை முழுக்கக் கழற்றி மாட்டும் மாடுலர் ரகம். விலை இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும்.

மெஷின் எவ்வளவு இழுக்கும்? 7600-இன் பெட்டியில் 65 வாட் என்று இருந்தாலும், ஏஎம்டி அதை 88 வாட் வரை போக விடுகிறது. 4060-க்கு 115 வாட். மதர்போர்டு, ரேம், ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வைத்தாலும் 250 வாட் சொச்சம்தான். அப்படியானால் 450 வாட் லோக்கல் போதுமே என்று தோன்றும். போதாது. காரணம் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது.

லோக்கல் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேராக உள்ள ஆம்பியரைப் பாருங்கள். பெரும்பாலும் 14, 16 என்று ஏதாவது இருக்கும். 16-ஐ 12-ஆல் பெருக்கினால் 192 வாட். மீதி வாட் எல்லாம் 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் காட்டிய கணக்கு. பென்டியம் 4 வருவதற்கு முன்பு ப்ராசசரே அந்த லைன்களிலிருந்துதான் மின்சாரம் எடுத்தது; அன்றைக்கு அது சரி. இன்றைய ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுவதையும் 12 வோல்ட்டில்தான் கேட்கின்றன. நம் மெஷினில் இந்த இரண்டு மட்டுமே 203 வாட். ஆக, ஸ்டிக்கர் சொல்வது நிஜமாகவே இருந்தாலும் பற்றாது. நிஜமா என்பது வேறு கதை.

ப்ரான்ஸ் ரகத்தில் அதே கட்டத்தில் 40 ஆம்பியருக்குக் குறையாது. அதாவது 480 வாட்டுக்கு மேல். கணக்கு இங்கேயே முடிந்துவிட்டது என்பேன். 4060-க்கு என்விடியா பரிந்துரைப்பதும் 550 வாட்தான்.

அடுத்தது கனெக்டர். 4060 கார்டுகளில் பெரும்பாலானவை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரு 8 பின் பவர் கனெக்டர் கேட்கும். லோக்கல் பெட்டியில் அது பெரும்பாலும் இருக்காது. "கன்வர்ட்டர் போட்டுக்கலாம் சார்" என்று கடையில் ஒரு சின்ன ஒயரை நீட்டுவார்கள். அது சாட்டா கனெக்டரிலிருந்து (ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் தருவது) 8 பின்னுக்கு மாற்றுகிற ஒயர் என்றால் வாங்காதீர்கள். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். கார்டோ அந்த 8 பின் வழியாக 150 வாட் வரை எடுக்க உரிமை உள்ளது என்று நினைத்துக்கொள்ளும். உருகுவது ஒயரோடு நின்றால் அதிர்ஷ்டம். ப்ரான்ஸ் ரகத்தில் பொதுவாக இரண்டு 6+2 பின் உண்டு, ப்ராசசருக்கு 4+4 பின்னும் உண்டு. லோக்கலில் ப்ராசசருக்கு வெறும் 4 பின் மட்டும் தொங்குவதைப் பார்க்கலாம்.

சரி, கோல்டு எதற்கு? "கரண்ட் பில் குறையும்" என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். 115 வோல்ட் சோதனையில் பாதி லோடில் ப்ரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம் தர வேண்டும் என்பது 80 ப்ளஸ் விதி. நம் 250 வாட்டுக்கு அதைப் பொருத்தினால் சுவரிலிருந்து ப்ரான்ஸ் 294 வாட் எடுக்கும், கோல்டு 278. வித்தியாசம் 16 வாட். தினமும் நாலு மணி நேரம் விளையாடினால் வருடத்துக்கு 23 யூனிட் சொச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 190 ரூபாய்க்குள். நாலாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவர் அதைத் திரும்ப எடுக்க இருபது வருடம் ஆகும். பில்லுக்காகக் கோல்டு வாங்குவது வீண். அதேபோல 750 வாட் பெட்டி எப்போதும் 750 வாட் இழுக்கும் என்ற பயமும் வீண். மெஷின் கேட்பதைத்தான் அது தரும்.

கோல்டு ரகத்துக்கு நியாயமான காரணம் வேறு. இரண்டு வருடத்தில் பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் கதை மாறும். ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி 263 வாட் கார்டு. ஏஎம்டி கேட்பது 700 வாட் எஸ்எம்பிஎஸ். பெரிய கார்டுகள் கண நேரத்துக்குத் தங்கள் அளவைத் தாண்டி எகிறும். அப்போது பழைய வடிவமைப்பு எஸ்எம்பிஎஸ் பாதுகாப்புக்காக அணைந்துவிடும், ஆட்டத்தின் நடுவில் திரை கறுத்துப்போகும். எஸ்எம்பிஎஸ் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஏடிஎக்ஸ் விதிகளில் 2022-இல் வந்த 3.0 இதற்காகவே, 100 மைக்ரோ விநாடிக்கு இரண்டு மடங்கு லோடைத் தாங்க வேண்டும் என்றது. புதிய 16 பின் கனெக்டரும் அதோடு வந்ததுதான். ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் அது உருகிய பிறகு, சரியாகச் செருகாவிட்டால் மின்சாரமே போகாதபடி உள்ளே இருக்கும் சின்னப் பின்களைக் குட்டையாக்கினார்கள். 16 பின் கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால், இந்தத் திருத்தம் உள்ள ஏடிஎக்ஸ் 3.1 பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். வாரண்டி ஆர்எம்750இ-க்கு 7 வருடம், நான் சொன்ன ப்ரான்ஸ் மூன்றுக்கும் 5 வருடம்.

லோக்கல் பெட்டி ஜெயிக்கிற இடம் ஒன்று உண்டு, வேடிக்கைதான். மலிவான யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது தருவது சதுர அலை. ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக எடுக்க வைக்கும் சர்க்யூட்) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் சில சமயம் அதை ஏற்காமல் அணைந்துவிடும். பிஎஃப்சி இல்லாத லோக்கல் கவலைப்படாமல் ஓடும். அதற்காக லோக்கலுக்குப் போக வேண்டாம், சைன் அலை தருகிற யூபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டர் என்றால் பின்பக்கம் யூபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்த்து அதில் வையுங்கள். கரண்ட் போனதும் எஸ்எம்பிஎஸ் தன் கையிருப்பில் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி விநாடி. அதற்குள் இன்வெர்ட்டர் மாறியாக வேண்டும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பழைய ஆபீஸ் மெஷினை வாங்கி அதில் கிராபிக்ஸ் கார்டு மாட்ட நினைப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாமல் போகலாம். டெல், எச்பி, லெனோவோ மெஷின்கள் பலவற்றில் மதர்போர்டு கனெக்டர் வழக்கமான 24 பின் அல்ல. பின்னை எண்ணிப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் விலை கேளுங்கள்.

என் தேர்வு: இந்த மெஷினுக்கு 550 ப்ரான்ஸ். பெரிய கார்டு வருவது நிச்சயம் என்றால் இப்போதே 750 கோல்டு. லோக்கல், கிராபிக்ஸ் கார்டே இல்லாத பில்லிங் மெஷினுக்கு வேண்டுமானால் ஓடும், அதுவும் அரை மனதோடுதான் சொல்கிறேன். அப்புறம், மாடுலர் வாங்கினால் பழைய எஸ்எம்பிஎஸ் கேபிளை மட்டும் புதியதில் செருகிவிடாதீர்கள். கேபிளின் எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் முனையில் பின் வரிசைக்குப் பொது விதி எதுவும் கிடையாது. கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் அந்த நிமிடமே செத்துப்போகும்.