நன்கொடையாளர் பட்டியலைப் பிரித்து ஆளும் வித்தை: கடலூரிலிருந்து ஆறு வருட அனுபவம்

கடலூரில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் ஒரு சின்ன அறக்கட்டளையில் கணக்கு பார்க்கிறேன். 2019 வரை எங்கள் பட்டியல் என்பது ரசீது புத்தகத்தின் அடிக்கட்டைகளும் ஓர் எக்செல் கோப்பும்தான். அந்த வருடம் சிவிசிஆர்எம்முக்கு மாறினோம். நன்கொடையாளர் விவரங்களை வைத்துக்கொள்ளும் திறமூல மென்பொருள், வேர்ட்பிரஸ் இணையதளத்தோடு சேர்ந்து ஓடும். உரிமக் கட்டணம் கிடையாது, ஆனால் சர்வர் வாடகை உண்டு, அப்டேட் போட ஓர் ஆளும் வேண்டும். முதலில் அந்த ஆள் தம்பி மகன். அவன் பெங்களூரு போனபின் நான்.

பெயர்களை ஏற்றவே இரண்டு மாதம் பிடித்தது. கே. செல்வம், செல்வம் கே, கலியபெருமாள் செல்வம் மூன்றும் ஒரே ஆள். சரி, போன் நம்பரை வைத்துச் சேர்க்கலாம் என்று இறங்கினால், பல வீடுகளில் மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே நம்பர். அப்படி ஓர் அப்பாவையும் மகனையும் ஒன்றாக்கிவிட்டேன். சேர்த்ததைத் திரும்பப் பிரிக்கப் பொத்தான் இல்லை. அது, யார் எவ்வளவு கொடுத்தார் என்று வருமான வரித் துறைக்குச் சொல்லும் 10பிடி படிவம் தாக்கல் செய்ய உட்கார்ந்த மே மாதத்தில்தான் தெரிந்தது: மகன் கொடுத்த பணம் அப்பாவின் பான் எண்ணில் நின்றது. இப்போது ரசீதைக் கையில் வைத்துப் பார்க்காமல் யாரையும் சேர்ப்பதில்லை.

குழு பிரிப்பதில் முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். ஐயாயிரத்துக்கு மேல், ஆயிரத்துக்கு மேல், அதற்குக் கீழே என்று மூன்று. மேல்தட்டுக்கு நல்ல தாளில் கடிதம் அடித்து அனுப்பினோம். அநேகமாகப் பதிலே இல்லை. அடிக்கட்டையைப் புரட்டியபோதுதான் புரிந்தது, அவர்களில் பெரும்பாலோர் 2015 வெள்ளத்தின்போது டிவி பார்த்துப் பதறிப் பணம் அனுப்பியவர்கள். அவர்கள் கொடுத்தது வெள்ளத்துக்கு, எங்களுக்கு இல்லை. அவர்களுக்கு 'பேரிடர்' என்று ஒரு டேக் போட்டு, பள்ளிக் கட்டணக் கடிதத்தை நிறுத்தினோம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, தென்பெண்ணை ஊருக்குள் வந்தபோது அந்த டேக்குக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன். அன்று இரவே பணம் வர ஆரம்பித்தது.

இந்த மென்பொருளில் எனக்குப் பிடித்தது ஸ்மார்ட் குரூப். நிபந்தனையைச் சேமித்து வைத்தால் போதும், ஆட்கள் தாமாகவே உள்ளே வந்து வெளியே போவார்கள். 'போன வருடம் கொடுத்தார், இந்த வருடம் இன்னும் இல்லை' என்பது எங்கள் முக்கியமான குழு. ஏப்ரல் 1 அன்று அதைத் திறக்காதீர்கள், நிதியாண்டு புதிது என்பதால் போன வருடம் கொடுத்த அத்தனை பேரும் அதில் இருப்பார்கள்! நாங்கள் ஜனவரியில்தான் தொடுகிறோம். மார்ச் மாத '80ஜி வரிச் சலுகை' கடிதத்துக்கு முன்போல மவுசு இல்லை. புதிய வரி முறையில் நன்கொடைக்கான அந்தக் கழிவு கிடையாது என்று நெய்வேலிக்காரர்கள் போனிலேயே பாடம் எடுத்துவிட்டார்கள்.

எங்களைத் தாங்குவது வேறொரு குழு. அப்பா அம்மா திதிக்கு ஐநூறு, ஆயிரம் கொடுப்பவர்கள். வருடம் தவறமாட்டார்கள். ஆனால் மென்பொருளில் இருக்கும் தேதிக் கட்டத்தில் ஆங்கிலத் தேதிதான் போட முடியும், திதியோ வருடா வருடம் நகரும். அதனால் 'புரட்டாசி தேய்பிறை ஏகாதசி' என்று எழுத்தாகவே ஒரு தனிக் கட்டத்தில் வைத்து, சித்திரை பிறந்ததும் பஞ்சாங்கம் பார்த்து அந்த வருடத்துத் தேதியை ஏற்றுகிறேன். ஒருமுறை இந்தத் தேதியைப் பிறந்தநாள் கட்டத்தில் போட்டுத் தொலைத்தேன். அப்பாவின் திதியன்று மகனுக்கு 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்' போனது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இவர்களுக்கு இப்போது தானியங்கிச் செய்தியே கிடையாது, ஒரு வாரம் முன்பு போன் போட்டுப் பேசுகிறேன்.

இன்னொரு பாடம் புதுச்சேரியிலிருந்து வந்தது. பின்கோடு 605-இல் தொடங்கினால் 'உள்ளூர்' என்று வைத்திருந்தோம். அங்கே ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்) வீட்டுப் பெரியவர் செக் கொடுத்தார், பிறகுதான் ஆடிட்டர் கேட்டார், "அவர் பாஸ்போர்ட் என்ன?" பிரெஞ்சுக் குடியுரிமை. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962-இல் குடும்பம் எடுத்த முடிவு. வெளிநாட்டுக் குடிமகன் புதுச்சேரியிலேயே குடியிருந்து ரூபாயில் கொடுத்தாலும் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடைதான், எங்களிடம் அந்தப் பதிவு இல்லை. அதேசமயம் துபாயில் இருக்கும் இந்திய பாஸ்போர்ட்காரர் வங்கி வழியாகத் தன் சம்பளத்திலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம். அன்றிலிருந்து முகவரியை ஓரம் வைத்துவிட்டு, குடியுரிமைக்கு ஒரு கட்டம் சேர்த்தோம்.

அந்தப் பெரியவரிடம் பணத்தைத் திருப்பித் தரப் போனேன். "எங்க தாத்தா போட்ட கையெழுத்துக்கு, பக்கத்து ஊருப் பசங்களுக்கு நான் நோட்டு வாங்கித் தர முடியாதா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஜூனில் பஸ் ஏறி வந்து, நோட்டுக்கு அட்டை போட உட்கார்ந்தார். அவருக்காகவே 'உழைப்பு' என்று ஒரு குழு தொடங்கினேன். இப்போது அதில் பதினோரு பேர்.