‘எந்தக் கன்ட்ரோலருடனும் இணையும்’ என்ற விளம்பரத்தை நம்பி ரோபோ வாங்காதீர்கள்

பிள்ளைகள் நிரலாக்கம் கற்பதற்கான சிறிய இருசக்கர ரோபோ ஒன்றை, ‘எந்த வீடியோ கேம் கன்ட்ரோலராலும் ஓட்டலாம்’ என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்ததை நம்பி, இணையத்தில் வாங்கி ஏமாந்தேன். வீட்டில் ஏற்கெனவே இருந்த, பிளேஸ்டேஷன் 4 கேம் கருவிக்கான டூயல்ஷாக் 4 கன்ட்ரோலரைக் கொண்டு மகளை ஓட்டச் செய்து, பிறகு நிரலைத் திறந்து காட்டிச் சொல்லிக்கொடுக்கலாம் என்று எண்ணியிருந்தேன்.

புளூடூத்தில் இணைப்பதற்காக அதன் ஷேர், பிஎஸ் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்ததும் கன்ட்ரோலரின் விளக்கு வெள்ளையாக மின்னியது. ஆனால் ரோபோவுடன் இணையாமலே சிறிது நேரத்தில் அணைந்துவிட்டது. இரண்டு மாலைகள் இதுவே நடந்தது. தான்தான் எதையோ தவறாகப் பொருத்திவிட்டதாக நினைத்து, மகள் கம்பிகளைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கத்தான் எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. மூன்றாம் நாள், ரோபோவை இயக்கும் சிப்பின் தகர மூடியில் பொறித்திருந்த பொடி எழுத்துகளை உருப்பெருக்கி வைத்துப் படித்தேன். ‘ஈஎஸ்பி32-எஸ்3’ என்றிருந்தது. விளம்பரத்தில் வெறும் ‘ஈஎஸ்பி32’ என்றே போட்டிருந்தார்கள்.

வால்போல ஒட்டிவரும் அந்த ‘எஸ்3’தான் சிக்கல். 2016இல் வந்த முதல் ஈஎஸ்பி32 சிப்பில் ஒன்றோடொன்று இணையாத இரு புளூடூத் முறைகளான கிளாசிக், லோ எனர்ஜி ஆகிய இரண்டும் உண்டு; எஸ்3 வகையில் லோ எனர்ஜி மட்டுமே உண்டு. டூயல்ஷாக் 4 கிளாசிக் வழியாக மட்டுமே இணையும் என்பதால், நிரலை எப்படி மாற்றி எழுதினாலும் இவை இரண்டும் சேரப்போவதில்லை. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுடன் வந்த கன்ட்ரோலரிலோ புளூடூத்தே கிடையாது. ஆகவே ‘எந்தக் கன்ட்ரோலராலும்’ என்பது அப்பட்டமான பொய்.

விற்றவர் முதலில் கன்ட்ரோலர் பழுது என்றார். அது கணினியோடு இணைந்து வேலை செய்வதைக் காணொளியாக அனுப்பியதும், கைபேசிச் செயலியால் ஓட்டிக்கொள்ளச் சொன்னார். அதில் வேறோர் ஆபத்து இருந்தது. மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தபோது இணைப்பு அறுந்தது. ரோபோ நிற்காமல், கடைசியாகப் பெற்ற கட்டளைப்படியே ஓடி விளிம்பைத் தாண்டி விழுந்ததில் ஒரு மோட்டாரின் பற்சக்கரம் உடைந்தது. அரை நொடிக்குள் புதிய கட்டளை வராவிட்டால் மோட்டார்களை நிறுத்தும்படி நிரலில் நான்கைந்து வரிகள் எழுதியிருந்தால் போதும். பிள்ளைகள் கையாளும் பொருளில் அதைக்கூடச் செய்யாததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வாங்க நினைப்பவர்கள் சிப்பின் முழுப் பெயரையும், எந்தக் கன்ட்ரோலரின் எந்த மாடலோடு சோதித்தார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பொருள் வந்ததும், சக்கரங்கள் தரையில் படாதபடி ஒரு டப்பாவின்மேல் தூக்கிவைத்து, ஓடும்போதே கன்ட்ரோலரை அணைத்து, சக்கரங்கள் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

உறையைப் பிரித்துவிட்டீர்கள் என்று காரணம் சொல்லி, எனக்கு விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். விளம்பரமும் அதே வாசகத்துடன் இன்னும் இருக்கிறது. பின்னர் முதல் வகைச் சிப் உள்ள பலகையைத் தனியே வாங்கி, கேம் கன்ட்ரோலர்களை இணைப்பதற்கான புளூபேட்32 நிரலகத்தை ஏற்றினேன். பழுது என்று அவர் சொன்ன அதே கன்ட்ரோலர் முதல் முயற்சியிலேயே இணைந்தது.