டூடில் குட்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் அதன் மூஞ்சியைப் பாருங்கள்

மெல்பர்னில் நம் ஆட்கள் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் யாராவது ஒருவர் டூடில் குட்டி, அதாவது சுருட்டை முடிப் பூடிலை வேறு இன நாயோடு கலந்து பிறந்த குட்டி, தேடிக்கொண்டிருக்கிறார். நான் ஏற்கெனவே தேடி, வாங்கி, ஏமாந்தும் ஆயிற்று. போனது 3,800 டாலர். முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் கணவருக்கு நாய் என்றால் ஆகாது. நாய் இருக்கும் வீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தும்மல் ஆரம்பித்து, கண் சிவந்து, காரில் திரும்பி வரும்வரை மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார். பையனுக்கோ நாய் வேண்டும் என்று நான்கு வருடப் புலம்பல். அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. "எஃப்1பி கோல்டன்டூடில். முடி கொட்டாது. அலர்ஜி வரவே வராது. உடல்நலப் பரிசோதனை முடிந்தது."

எஃப்1 என்றால் பூடிலுக்கும் கோல்டன் ரிட்ரீவருக்கும் நேராகப் பிறந்தது. அதை மறுபடி ஒரு பூடிலோடு சேர்த்தால் வருவது எஃப்1பி, அதாவது முக்கால் பூடில். பூடில் முடி அதிகம் உதிராது என்பதால் இந்த எழுத்துக்கும் எண்ணுக்கும் விலை கூடுதல்.

தாய் நாயை நேரில் பார்க்க வேண்டும் என்றேன். குட்டிகளுக்குத் தொற்று வந்துவிடும், வெளியாட்களைப் பண்ணைக்குள் விடுவதில்லை என்றார் விளம்பரம் கொடுத்த பெண்மணி. பொறுப்பான ஆள்தான் போலிருக்கிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நெடுஞ்சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்கில் வைத்துக் குட்டியைக் கொடுத்தார். தாய் என்று போனில் ஒரு படம் காட்டினார். சிமெண்டுத் தரையில் படுத்திருந்த வெளிர்மஞ்சள் நாய், பின்னால் விளிம்பு உடைந்த நீல வாளி. அதற்குள் குட்டி என் கழுத்துக்குள் மூக்கை நுழைத்துவிட்டது. அப்புறம் யாருக்குக் கேள்வி கேட்கத் தோன்றும்?

ஒன்று மட்டும் கேட்டேன். "மூஞ்சியில் சுருட்டையே காணோமே?" ஆறு மாதத்தில் வந்துவிடும் என்றார்.

வரவில்லை. வந்தது தும்மல்தான். ஐந்தாவது மாதம் கரும்பச்சை சோபாவில் கையை வைத்து இழுத்தால் ஒரு பிடி முடி திரண்டு வந்தது. பையன் அதை உருட்டி, "அம்மா, இன்னொரு குட்டி" என்று காட்டினான்.

உண்மையைச் சொன்னது நாய்க்கு முடி வெட்டும் பெண். குட்டியின் தாடையைத் தூக்கிப் பார்த்தார். மூக்கிலிருந்து நெற்றிவரை வழவழவென்று இருந்தது. "இதற்கு ஆயுசுக்கும் தாடி முளைக்காது. எஃப்1பி என்று யார் சொன்னது?" என்றார்.

விஷயம் இதுதான். டூடில்களின் மீசை, தாடி, அடர்ந்த புருவம் மூன்றையும் தருவது ஆர்எஸ்பிஓ2 என்ற மரபணுவின் ஒரு வடிவம். முடி உதிர்வது குறைவதும் அதோடு சேர்ந்தே வருகிறது. எந்த மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும். இந்த வடிவம் ஒரு பிரதி இருந்தாலே தாடி வந்துவிடும். பூடிலுக்கு இரண்டு பிரதியும் உண்டு, கோல்டனுக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே பெற்றோரில் ஒன்று உண்மையான பூடிலாக இருந்தால் அத்தனை குட்டிகளுக்கும் குறைந்தது ஒரு பிரதி போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும். வழுவழு மூஞ்சியோடு எஃப்1பி பிறக்க வழியே இல்லை. டூடிலோடு டூடிலைச் சேர்த்தாலோ, டூடிலைத் திரும்பக் கோல்டனோடு சேர்த்தாலோதான் இப்படிப் பிறக்கும். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் துடைத்து டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பினேன். ஒரு பிரதியும் இல்லை என்றே வந்தது. எட்டு வாரக் குட்டியின் மூஞ்சியிலேயே பொய் எழுதியிருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

சரி, தாடி இருந்திருந்தால் கணவர் தும்மாமல் இருந்திருப்பாரா? அதற்கும் உத்தரவாதம் கிடையாது. அலர்ஜியைக் கிளப்புவது முடி அல்ல, நாயின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கும் புரதங்கள். அவற்றில் முக்கியமானது கான் எஃப் 1. நெதர்லாந்தில் 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அலர்ஜி தராதவை என்று பெயரெடுத்த பூடில், லாப்ரடூடில் (லாப்ரடாரும் பூடிலும் கலந்தது) போன்ற நாய்களின் முடியில் இந்தப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது. லாப்ரடூடில் வீடுகளில் தரைத் தூசில் மட்டும் கொஞ்சம் குறைவு. காற்றில் வித்தியாசம் தெரியவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், லாப்ரடூடில் பிரபலமானதே இந்த விக்டோரியா மாநிலத்திலிருந்துதான். ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் வேண்டும், அவர் கணவருக்கு நாய் அலர்ஜி. இங்கிருந்த வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் வேலை பார்த்த வாலி கான்ரன் 1989 வாக்கில் பூடிலையும் லாப்ரடாரையும் சேர்த்தார். மூன்று குட்டிகளின் முடியும் எச்சிலும் ஹவாய்க்குப் போயின. அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி. தாயும் தந்தையும் ஒன்றுதான், ஆனாலும் மூன்றில் ஒன்று! மற்ற இரண்டுக்கும் ஆள் தேடத்தான் லாப்ரடூடில் என்ற பெயரையே வைத்தார். பிற்காலத்தில், இதை ஏன் ஆரம்பித்தோம் என்று வெளிப்படையாகவே வருந்தியவர் அவர்.

ஒன்பதாவது மாதம் இன்னொரு இடி. எங்கள் சுண்டல் (பெயர் பையன் வைத்தது) படியேறும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரித் தாவியது. அழகாக இருக்கிறது என்று வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். டாக்டர் வீடியோவைப் பார்த்ததும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இடுப்பு மூட்டு கிண்ணத்தில் சரியாக உட்காரவில்லை. "உடல்நலப் பரிசோதனை முடிந்தது" என்ற காகிதத்தை எடுத்துக் காட்டினேன். அது குட்டிக்கு ஆறு வாரத்தில் இதயத்தையும் பல்லையும் தொப்புளையும் பார்த்து எழுதிய சீட்டு. பார்க்க வேண்டியது பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே மதிப்பெண்ணை. ஒரு பக்க இடுப்புக்கு அதிகபட்சம் 53, இரண்டுக்கும் சேர்த்து 106, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கலப்பினம் என்றால் நோய் வராது என்று சொல்வதையும் நம்பாதீர்கள். பெரிய பூடில், கோல்டன் இரண்டிலுமே இடுப்புக் கோளாறு உண்டு. பார்வையை மெல்ல மெல்லப் பறிக்கும் ஒருவகை விழித்திரை நோயும் இரண்டிலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் இருக்கும் நோய் கலந்தால் எங்கே போகும்?

விக்டோரியாவில் நாய் விற்கும் விளம்பரத்தில் மைக்ரோசிப் எண்ணும், விற்பவரின் பதிவு எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். 2019-இலிருந்து இதுதான் சட்டம். எங்கள் விளம்பரத்திலும் இரண்டு எண்ணும் இருந்தன, அதைப் பார்த்தே திருப்தி அடைந்துவிட்டேன். அரசின் பதிவேட்டில் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. பணம் போன பிறகு தட்டிப் பார்த்தேன், அப்படி ஒரு எண்ணே இல்லை. அந்தப் பெண்மணியின் போனும் அதற்குள் அணைந்துவிட்டது.

நாயைத் திருப்பிக் கொடுக்க ஆளும் இல்லை, மனசும் இல்லை. கணவர் தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறார். படுக்கையறைக்குள் மட்டும் சுண்டலுக்கு அனுமதி கிடையாது.

போன வாரம் தோழி ஒருத்தி தான் முன்பணம் கட்டப்போகும் லாப்ரடூடில் குட்டியின் விளம்பரத்தை அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஊர் வேறு, விற்பவர் பெயர் வேறு, விலை 4,200. தாய் என்று ஒரு படம் போட்டிருந்தார்கள். சிமெண்டுத் தரையில் அதே வெளிர்மஞ்சள் நாய், பின்னால் அதே உடைந்த நீல வாளி.