எட்டு வருடமாக வீணையில் சினிமாப் பாட்டு: மெழுகைப் பற்றிக் கொஞ்சம் புலம்பல்

போன வாரம் என் வீணை தஞ்சாவூரிலிருந்து திரும்பி வந்தது. மேளம் கட்டியது, அதாவது மெட்டுகளைப் புது மெழுகில் பதித்தது, இது மூன்றாவது தடவை. (மெட்டு என்றால் பாட்டின் மெட்டு இல்லை, தந்தியை வைத்து அழுத்துகிற உலோகக் கட்டை.) கூலியை எழுதினால் வீட்டுக்காரர் படித்துவிடுவார், விடுங்கள். அன்றைக்கென்று கீழக்கரையிலிருந்து தம்பி மகள் போனில் கேட்கிறாள்: "அத்தை, சினிமாப் பாட்டு வாசிக்கத்தான் ஆசை. வீணை வாங்கட்டுமா, கிடாரே போதுமா?" அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது.

பலா மரம், வாசிக்க 4 தந்தி, தாளத்துக்கு 3, மெட்டு 24. இதெல்லாம் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது மெழுகை.

கிடாரில் மெட்டை மரத்துக்குள்ளேயே இறக்கிவிடுகிறார்கள். வீணையில் அது தேன்மெழுகு, குங்கிலியம், கரி கலந்த வரப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் காதால் கேட்டுக் கேட்டு வைக்கிறார்கள். ராமேஸ்வரத்துக்கு முந்தின ஊரான மண்டபத்தில் எங்கள் வீடு பெண்கடல் (பாக் நீரிணை) பக்கம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை, வைகாசி மத்தியானத்தில் அந்த அறையில் ஆளே இளகிப்போவோம், மெழுகு எம்மாத்திரம்? அந்த நேரத்தில் அழுத்தி இழுத்து வாசித்தால் மெட்டு இருந்த இடத்தில் இருக்காது.

கீர்த்தனை வாசிக்கிறவருக்கு இது அவ்வளவாக உறைக்காது. சுரத்தை அசைத்து வாசிக்கிற கமகம் குறையில் பாதியை மூடிவிடும். சினிமாப் பாட்டில் பல இடங்களில் சுரம் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். பின்னால் போனில் கரோக்கி வேறு ஓடுகிறது, அதிலிருக்கிற கீபோர்டு இம்மிகூட விட்டுக்கொடுக்காது. மெட்டு, தந்தியை முறுக்குகிற பிரடைப் பக்கம் நகர்ந்திருந்தால் சுருதி குறையும். தந்தியைக் கொஞ்சம் இழுத்துச் சரிக்கட்டலாம். மறுமுனையில் இருக்கிற உருண்டைக் குடத்துப் பக்கம் நகர்ந்தால் சுருதி கூடிவிடும். கூடினதைக் குறைக்க விரலுக்கு வழியே கிடையாது. என் வீணையில் ஒவ்வொரு வருடமும் அந்தர காந்தாரம் (ஸரிகமவில் வருகிற பெரிய 'க') மெட்டுதான் குடத்துப் பக்கம் போகிறது. எனக்குப் பிடித்த பாட்டெல்லாம் அந்தக் காந்தாரத்தில்தான் வந்து நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பேன்.

"மெழுகைத் திட்டாதீங்கம்மா, உங்க ஊர் வெயிலைத் திட்டுங்க" என்றார் மேளம் கட்டியவர். அதுவும் நியாயம்தான். ஆனால் இரண்டாவது தடவை வேறொருவர் கட்டியது மார்கழிக்குள் வெடித்துவிட்டதே, அதற்கு எந்த வெயிலைத் திட்டுவது? பேக்கரும்பில் கலாம் நினைவிடத்துக்குப் போகும்போதெல்லாம் அவர் வீணை வாசிக்கிற சிலையைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்படுவேன். அந்த வீணைக்கு மேளம் கட்ட வேண்டியதில்லை.

உப்புக்காற்றைச் சொல்லவில்லையே என்பீர்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எஃகுத் தந்தி துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்தால் கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். அதை நான் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

சரி, பிறகு ஏன் எட்டு வருடம்? அந்த இழுப்புக்காகத்தான். பாடுகிறவர் ஒரே எழுத்தை வளைத்து மேலே கொண்டுபோய், மெல்ல இறக்கி வைக்கிற இடம் இருக்கிறது பாருங்கள், கிடாரில் அதன் பாதி தூரத்துக்கே விரல் வலிக்கும். வீணையில் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து மூன்று சுரம் ஏறலாம், வார்த்தையே காதில் விழுகிற மாதிரி இருக்கும். அனுமந்தரம் என்கிற அடித்தந்தியில் பேஸ் கிடார் வரிகளை வாசித்துப் பார்த்த அன்று பக்கத்து வீட்டுப் பையன் சுவரேறிக் குதித்து வந்துவிட்டான். தாளத் தந்தியில் ஷட்ஜமும் பஞ்சமமும் (ஸவும் பவும்) மட்டும் இருப்பதால் மேஜர் பாட்டோ மைனர் பாட்டோ, இரண்டுக்கும் ஒத்துப்போகிறது. பாட்டு நடுவில் சுருதி மாறினால் மட்டும் தாளத் தந்தியை மீட்டுகிற சுண்டுவிரலை மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மெழுகே இல்லாத எலக்ட்ரானிக் வீணையும் கிடைக்கிறது. ஒருவர் வீட்டில் வாசித்துப் பார்த்தேன். சுருதி சுத்தம். எனக்குப் பிடிக்கவில்லை, காரணம் கேட்காதீர்கள்.

அதனால் மருமகளே, நீ கிடாரே வாங்கு. கீழக்கரை வெயிலும் எங்கள் வெயிலும் ஒன்றுதான், வீணை உனக்கு வேண்டாம். என்னுடையதை விலைக்குக் கேட்டுவிடாதே, தர மாட்டேன். இப்போது தை மாதம், மேளம் புதிது, காந்தாரம் அதன் இடத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வா.