வீல் ஸ்பீடு சென்சார்: காயில் வகையா, ஹால் வகையா?

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறி இறங்குகிற கார் எங்களுடையது. சாரல் சீசனில் அந்த மலை ரோடு காய்வதே இல்லை. ஈரத்தில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் வழுக்கும். மற்ற சக்கரங்கள் உருளும்போது ஒன்று மட்டும் சட்டென்று வேகம் இழப்பதை சென்சார் காட்டிக்கொடுத்தால்தான், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் பிரேக் அமைப்பு) அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கும்.

பழைய காயில் வகையில் ஒரு காந்தம், அதைச் சுற்றிக் கம்பிச் சுருளான காயில், எதிரே சக்கரத்தோடு சுற்றும் பல் வளையம், அவ்வளவுதான். பல் கடக்கக் கடக்க அதுவே கரண்ட் உண்டாக்கிக்கொள்ளும். காயில் அறுந்துவிட்டதா என்பதை மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளக்கும் இடத்தில்) வைத்தே பார்த்துவிடலாம், அதனால் எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு இதன்மேல்தான் பிரியம். ஆனால் சக்கரம் மெதுவாகச் சுற்றினால் சிக்னலும் மெலியும், 5 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போனால் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம்.

போன மழையில் செக்போஸ்ட் பக்கம் வண்டியை நிறுத்தப் போகும்போது, லேசாகத்தான் மிதித்தேன், பெடல் கடகடவென்று காலை உதைத்தது, வண்டி ஒரு முழம் தள்ளிப்போய் நின்றது. ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிரேக் பேடை மாற்றிக் காசு வாங்கியதுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால் சென்சார் உட்காரும் இடத்தில் துரு உப்பி அதைத் தூக்கிவிட்டிருக்கிறது. இடைவெளி கூடியதால் அந்தச் சக்கரத்தின் சிக்னல் மட்டும் முதலில் செத்துப்போக, சக்கரம் பூட்டிவிட்டதாக ஏபிஎஸ் நம்பிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் சரியாகிவிட்டது.

காந்தப்புலம் மாறுவதைச் சிப்பால் உணரும் ஹால் வகையில் இந்தத் தொல்லை குறைவு. ஏபிஎஸ் கம்ப்யூட்டரிலிருந்து கரண்ட் வாங்கிக்கொண்டு, 7, 14 மில்லிஆம்பியர் என்று இரண்டே படியில் மாறும் சதுர சிக்னல் தரும், சக்கரம் ஊர்ந்தாலும் தெரியும். சில சென்சார்கள் சக்கரம் பின்னால் உருள்வதைக்கூடச் சொல்லும். ஆனால் பல வண்டிகளில் பல் வளையத்துக்குப் பதில் பேரிங் சீலிலேயே காந்த வளையம் இருக்கும், பேரிங்கைத் திருப்பி அடித்துவிட்டால் சிக்னலே வராது. ஓம்ஸ் வைத்துப் பார்ப்பதும் வீண், சென்சாரே போய்விடலாம்.

மலை ரோட்டுக்கு என் ஓட்டு ஹாலுக்குத்தான். ஆனால் ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்ட முடியாது, வண்டியோடு வந்ததுதான். பழைய கார் பார்க்கப் போனால் சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைகிறதா என்று கவனியுங்கள். எரியவே இல்லையென்றால் கோளாறை மறைக்க யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.